தாளின் பின்பக்கம்

சீட்டக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் போய்ப் பார்த்தால் இருக்கும். மற்றபடி சபையில் தொட்டில் பிள்ளை முதல் தடியூன்றிய கிழவர் வரைக்கும் அவள் சீட்டக்காதான். புதிதாகக் குடிவந்த சிலர் அவள் சீட்டுப் பிடிக்கிறவள் என்று எண்ணி, "மாசம் எவ்வளவு கட்டணுங்க?" என்று கேட்டு அசடு வழிந்ததும் நடந்திருக்கிறது.

அவள் பார்த்த சீட்டு வேறு. கோயிலுக்குள் நுழைந்ததும் குடை சாத்தி வைக்கிற மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய். ஜெபம் வேண்டுகிறவர்கள் தங்கள் குறையைத் துண்டுத் தாளில் எழுதி அதில் போடுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் சீட்டக்கா பெட்டியைத் திறந்து, எல்லாச் சீட்டையும் படித்து, நீளத் தாள் ஒன்றில் முத்து முத்தாக எழுதி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதைப் பார்த்து ஜெபிப்பார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பரீட்சை, பிரயாணம், பிரசவம், முழங்கால் வலி, வேலை வேண்டும் என்பதெல்லாம் தாளின் முன்பக்கம். வீட்டுக்குள் அழுகிற விஷயங்கள் பின்பக்கம். குடிக்கிற புருஷன், கைநீட்டுகிற மகன், ஒரே கூரைக்குக் கீழே ஒரு வருஷமாகப் பேசாத தம்பதி எல்லாம் அங்கே. முன்பக்கத்தைப் போதகர் சத்தமாக வாசிப்பார். பிறகு தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய், வீட்டில் முழங்காலில் நின்று பின்பக்கத்தைத் தனியாகப் படிப்பார். "முன்பக்கம் வாய்க்கு, பின்பக்கம் மனசுக்கு" என்பது அவர் சொல். பெயர் போட்டு எழுதச் சொன்னவரும் அவர்தான். "கடவுளுக்கு ஆள் தெரியும்மா. எனக்குத் தெரிய வேண்டாமா?" என்பார். இருபத்தாறு வருஷம் அப்படியே நடந்தது. யாரும் எங்கேயும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சீட்டக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை. பாதி சபையின் குட்டு அவள் வயிற்றில் இருந்தது. எதிரே வருகிறவர்களுக்கு அது தெரியும். ஆகையால் அவளைக் கண்டதும் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழைக்காலம் இல்லையென்றால் வெயிலைப் பற்றி.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் சீட்டக்காவுக்கு இப்போதும் மூக்கில் ரொட்டி வாசனை வரும். கோயிலுக்கு எதிர் வரிசையில் ரொட்டிக்கடை. மத்தியானம் இரண்டாவது அடுப்பு இறங்கியதும் கடைக்காரரின் மனைவி, மாவு ஒட்டிய கையோடு, ரொட்டியின் ஓரத் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டு வருவாள். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சீட்டக்கா உள்ளே மேசையில் எழுத, அவள் வெளியே படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"முடிஞ்சுதாடி?"

"இன்னும் நாலு."

"டீ ஆறுதுடி. கடவுளுக்கு அவசரம் இல்ல, டீக்கு இருக்கு."

அப்புறம் படியில் உட்கார்ந்து ரொட்டி ஓரத்தை டீயில் நனைத்துத் தின்பார்கள். ஓரம் என்றால் கருகிய ஓரம். அதுதான் சீட்டக்காவுக்குப் பிடிக்கும். மாவு புளித்த கதை, மகளுக்கு வந்த வரன், அடுப்புப் புகை, இளமையில் பாடகர் குழுவில் தவறாகப் பாடி வெளியே அனுப்பப்பட்ட கதை என்று பொழுது போகும். அதற்கு மேல் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சீட்டக்காவுக்குத் தோன்றும்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவன் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறையில் முன்னறை தையல்கடை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் வெட்டுகிற மேசை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, வாடிக்கைக்காரர் உட்கார ஒரு பெஞ்சு. தம்பி எட்டு வருஷம் தூரத்து நகரத்தில் பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, ஒரு நல்ல கத்தரிக்கோலோடும் விடாத இருமலோடும் திரும்பி வந்தவன். கைத்தொழிலில் சூரன். ஆள் படியேறும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவான். உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே கேலி பேசுவான். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கீங்க. சம்பளமும் ஏறிச்சா?" என்பான். சிரித்துக்கொண்டே அளவு கொடுப்பார்கள்.

அவன் மெலிய ஆரம்பித்தபோது முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தான். தன் கால்சட்டையைத் தானே மூன்று முறை பிடித்துத் தைத்தான். நாலாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனான். இரத்தம் எடுத்தார்கள். பதில் வந்த அன்று மேசையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு அக்காவிடம் சொன்னான்.

"எச்.ஐ.வி.ங்கறாங்கக்கா."

அவள் வெட்டிய துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"இதுக்கு மாத்திரை இருக்கா?"

"இருக்கு. இப்பத்தான் இங்க இலவசமாத் தர ஆரம்பிச்சிருக்காங்க. காலையில எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. ஒரு வேளைகூட விடக் கூடாதாம். விட்டா அப்புறம் மாத்திரை கேக்காதாம்."

"அப்ப விட வேண்டாம்."

"யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா."

"யார்கிட்ட நான் சொல்லப் போறேன்?"

சொல்லவில்லைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை, மற்றவர்களின் சீட்டுகளை எல்லாம் எழுதி முடித்த பிறகு, பேனாவை மூட அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷம் ஊராருக்கு எழுதியவள், தன் வீட்டுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கடைசியாக எழுதினாள். போதகருக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போட்டாள். வழக்கம்போல் பீடத்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் போதகரின் அண்ணன் இறந்துபோனதாகச் சேதி வந்து, அவர் அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டார். ஞாயிறு காலையில் பீடத்தில் நின்றவர் அவருக்குப் பதிலாக வந்த வேறொரு போதகர். கணீரென்ற குரல், சிரித்த முகம், புதிய சபை என்ற உற்சாகம். அவரைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் இருந்த சீட்டக்காவுக்குத் தாளின் பின்பக்கம் நினைவு வந்தது. எழுந்துபோய்த் தாளை வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். பாதி ஆராதனையில் எழுந்து பீடத்துக்குப் போன பெண் அந்தச் சபையில் அதுவரை இல்லை. முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அப்படி உட்கார்ந்திருந்ததுதான் என்று பின்னாளில் சொல்வாள்.

அவர் முன்பக்கத்தை வாசித்து முடித்தார். தாளைத் திருப்பினார். "இன்னும் இருக்கிறது. ஜெபத்தில் வாஞ்சையுள்ள சபை" என்று மகிழ்ந்தார். மளிகைக்காரரின் குடி முதலில் வெளியே வந்தது. அடுத்து பள்ளி ஆசிரியரும் மனைவியும் பேசிக்கொள்ளாத சமாசாரம். பிறகு, "தையல்காரத் தம்பிக்கு இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரியவந்துள்ளது. மருந்தை உடம்பு தாங்க வேண்டும்."

வாசித்துவிட்டுக் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். பாவம், நல்ல மனிதர். முடிவில் ஆமென் என்றார். பழக்கதோஷத்தில் சபை முழுக்க ஆமென் என்றது. அப்புறம்தான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்து, தலைகள் ஒவ்வொன்றாக ஆண்கள் பக்கம் நாலாம் வரிசைக்குத் திரும்பின. தம்பி எழுந்தான். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சின் மேல் நேராக வைத்தான். நடு வழியில் நடந்து வெளியே போனான். சீட்டக்கா எழவில்லை. அவள் பக்கத்தில் எப்போதும் உட்காரும் ரொட்டிக்கடைக்காரம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மளிகைக்காரரின் குடியைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். ஆசிரியர் தம்பதி, மானம் போய்விட்டதே என்கிற ஆத்திரத்தில் ஒருவரோடொருவர் சண்டை போடப் போய், அந்த வகையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியின் விஷயம் மட்டும் ஆறவில்லை.

திங்கட்கிழமையே தைக்கக் கொடுத்த துணிகளைக் கேட்டு ஆள் வந்தது. "அவசரமில்லைங்க, சும்மா தைக்காமலே கொடுங்க" என்றார்கள். இன்னொருத்தி வாசலில் நின்றே, "ஊசி கையில குத்துறது உண்டுதானே?" என்று கேட்டாள். அவன் தைத்துக் கொடுத்த சட்டையைக் கொதிநீரில் போட்டு, சாயம் போக்கிக்கொண்ட மகானுபாவர்களும் இருந்தார்கள். புதன்கிழமை சபைச் செயலாளர் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று சீட்டக்காவுக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் படிச்சவன். தொட்டா ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். சபையில நாலு விதமான ஆளுங்க இருக்காங்க. பாடகர் குழுவோட அங்கி இருபத்திரண்டு வெட்டி வெச்சிருக்கீங்கல்ல, அதை எடுத்துட்டுப் போறேன்."

"வெட்டினது தம்பி. வேற ஆள் தைச்சா தோள் நிக்காது."

"பாத்துக்கலாம். அப்புறம் பெட்டிச் சாவி. இப்போதைக்கு என்கிட்ட இருக்கட்டும். திருவிருந்துல திராட்சரசம் குடிக்கிற கிண்ணத்தையும் மாத்தறோம். ஒரே கிண்ணத்துல எல்லாரும் குடிக்கிறது, இனிமே ஆளுக்கொரு சின்னக் குப்பி. சுகாதாரம்தானே, வேற ஒண்ணும் இல்ல."

தம்பி உள்ளேயிருந்து வந்தான். இருபத்திரண்டு அங்கியின் துண்டுகளையும் ஆள்வாரியாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் சாக்குக்கட்டியால் அளவு எழுதி, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான். சீட்டக்கா சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அங்கிகளை வேறொரு தையல்காரர் தைத்தார். அந்த வருஷம் முழுக்கப் பாடகர்கள் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டது போலத்தான் நின்றார்கள்.

இதெல்லாம் சீட்டக்காவுக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தாங்க முடியாதவை இரண்டு. ஒன்று, சிநேகிதி வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எதிர் வரிசையில் ரொட்டி இறங்கும், வாசனை தெரு முழுக்க வரும், ஆள் வராது. தெருவில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவாள். மற்றது, தம்பி அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். சொல்ல வேண்டியது இருந்தால் கத்தரிக்கோலிடம் சொல்வான். "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று கத்தரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பான்.

மூன்றாம் வாரம், அலமாரியைத் துடைக்கும்போது அவள் மாத்திரைப் பட்டையைப் பார்த்தாள். முந்தின வாரம் பார்த்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. சீட்டக்கா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். சபை போனால் போகட்டும், தொழில் போனாலும் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம். இவன் போய்விட்டால்? அதுவும் தான் எழுதிய ஒரு வரியால் போய்விட்டால்?

போதகர் தன் அண்ணனின் காரியங்களை முடித்துவிட்டு வந்த அன்று, பயணப் பெட்டியை வீட்டில் வைத்த கையோடு தையல்கடைக்கு வந்தார். தம்பி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டான். போதகர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என் தப்பும்மா" என்றார். "பின்பக்கம் படிக்காதீங்கன்னு மேல ஒரு வரி எழுதி வெச்சிருந்தா போதும். இருபத்தாறு வருஷத்துல எனக்குத் தோணல. நான் சாகவே மாட்டேன், ஊருக்கே போக மாட்டேன்னு நினைச்சிருப்பேன் போல."

"எழுதினது நான் ஐயா."

"எழுதச் சொன்னது நான்."

"மாத்திரையை நிறுத்திட்டான் ஐயா. என்கூடப் பேச மாட்டேங்கறான்."

போதகர் சாத்திய கதவைப் பார்த்தார். அது கேட்கட்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தி, "நான் திங்கட்கிழமை வர்றேன். என் பேண்ட் இடுப்புல தொளதொளன்னு இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கம் செய்யவில்லை. பீடத்திலிருந்து இறங்கி நடு வழியில் நின்று பேசினார். "மூணு வீட்டு ரகசியத்துக்கு நீங்க ஆமென் சொன்னீங்க. ரெண்டு வீட்டோட மறுபடியும் பழகறீங்க. மூணாவது வீட்டை மட்டும் வெந்நீர்ல போட்டுக் கழுவறீங்க. தப்பு பண்ணினது அந்த வீடு இல்ல, நான். கழுவறதுன்னா என்னைக் கழுவுங்க" என்றார். பெட்டிச் சாவியைச் செயலாளரிடமிருந்து எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிச் சீட்டக்காவிடம் கொடுத்தார். இனி முன்பக்கம் மட்டும்தான், மற்றதை அவள் வாயால் அவர் காதில் சொன்னால் போதும் என்றார். சிலர் அழுதார்கள். ஆனாலும் அழுதவர்கள்கூடத் தைக்கத் துணி கொண்டுவரவில்லை. குப்பிகளும் குப்பிகளாகவே இருந்தன. பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை. சீட்டக்கா சனிக்கிழமை தவறாமல் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, மூடிவிட்டு வருவாள்.

போதகர் மட்டும் திங்கட்கிழமைதோறும் வந்தார். முதல் வாரம் கால்சட்டையை இரண்டு இஞ்ச் பிடிக்கச் சொன்னார். தம்பி வாய் திறக்காமல் பிடித்துக் கொடுத்தான். அடுத்த வாரம் இறுக்குகிறது என்று இரண்டு இஞ்ச் விடச் சொன்னார். அதற்கடுத்த வாரம் மறுபடியும் பிடிக்கச் சொன்னார். ஐந்தாம் வாரம் தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, துணி நைஞ்சு போச்சு. இன்னொரு தடவை ஊசி ஏத்தினா நடு ஆராதனையில கிழியும்."

"கிழிஞ்சா கிழியட்டும். சபை எதையாவது புதுசாப் பேசட்டும்."

தம்பியின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. போதகர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"காலையில எட்டு மணிக்கு என்ன பண்றே தம்பி?"

"மிஷின்ல உக்காருறேன்."

"மாத்திரை?"

தம்பி நூல்கண்டை உருட்டினான். "எதுக்கு ஐயா சாப்பிடணும்? சாப்பிட்டா இன்னும் பத்து வருஷம் இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து போறவங்க வர்றவங்களைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அவங்க அந்தப் பக்கம் ஒதுங்கிப் போவாங்க. அதுக்குத்தானா ரெண்டு வேளை மாத்திரை?"

போதகர் முப்பது வருஷம் எத்தனையோ சாவு வீட்டில் பேசியவர். வேதத்தில் இதற்கு வசனமும் இருந்திருக்கும். அன்று அதை எடுக்கவில்லை. "எனக்குப் பதில் தெரியல தம்பி" என்றார். "அடுத்த திங்கள் வேற பேண்ட் கொண்டாறேன்." உள்ளறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சீட்டக்கா தண்டையும் இலையையும் ஒன்றாகச் சட்டியில் போட்டுவிட்டாள்.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. தம்பிக்கு மறுபடி இருமல். கன்னம் ஒட்டியது. அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைத்தால், கத்தரிக்கோலிடம் "பசியில்லை" என்பான். அப்படி ஒரு திங்கட்கிழமை மத்தியானம். போதகர் வந்து போய்விட்டார். தெருவில் முழங்கால் தண்ணீர். யாரோ குடையை வாசலில் மடக்கும் சத்தம் கேட்டுச் சீட்டக்கா வந்து பார்த்தால், ரொட்டிக்கடைக்காரம்மா கக்கத்தில் ஒரு மூட்டையோடு நிற்கிறாள்.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள் சீட்டக்கா.

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் தம்பியைப் பார்த்து, "ரெண்டு கவுன் இருக்கு தம்பி. கொஞ்சம் பிடிச்சுத் தரணும்" என்றாள்.

போதகரைத் தவிர இரண்டு மாதத்தில் படியேறிய முதல் வாடிக்கை. தம்பி பழக்கத்தில் குண்டூசிப் பெட்டியை எடுத்தான்.

"இது நான் தைச்சதாச்சே அண்ணி. மக கல்யாணத்துக்கு முன்னாடி தைச்சது. அவ வந்திருக்காளா?"

"வந்து நாலு மாசமாச்சு. வெளிய வர்றதில்ல."

"அளவு?"

அவள் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். ரொட்டி கட்டுகிற சணல். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. "இது மார்பு, இது இடுப்பு. ஆளைக் கூட்டிட்டு வர முடியல."

தம்பி கயிற்றை நாடாவின் மேல் வைத்து நீவினான். பிறகு கவுனை விரித்து அளந்தான். மறுபடியும் கயிற்றை வைத்தான். உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டான்.

"அஞ்சு இஞ்ச் அண்ணி."

"ம்."

"காய்ச்சல் வந்து வந்து போகுதா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வாய்க்குள்ள வெள்ளையாப் படிஞ்சு, முழுங்கவே கஷ்டப்படறாளா?"

ரொட்டிக்கடைக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். "மருமகன் காய்ச்சல்ல போயிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னோமே, அது வெறும் காய்ச்சல் இல்ல தம்பி. அவன் போன பிறகுதான் அவளுக்கும் ரத்தம் பாத்தாங்க. அந்தத் தாளை மாவு டின்னுக்கு அடியில வெச்சிருக்கேன். அவ அப்பாவுக்குக்கூட முழுசாச் சொல்லல."

பிறகு சிநேகிதியின் பக்கம் திரும்பினாள். "உன் தம்பியைப் பாத்து அருவருத்து நான் வராம இருக்கலடி. அன்னிக்கு நீ எழுந்திரிக்க முடியாம உக்காந்திருந்தே பாரு, நான் பக்கத்துலதான் இருந்தேன். அடுத்தது என் பொண்ணுன்னு தோணிச்சு. உன் வாசல்ல என்னைப் பாத்தா, இவளுக்கு இங்க என்ன வேலைன்னு ஒருத்தன் கேப்பான். அந்த ஒருத்தன் போதுமே. பெட்டியில போடலாம்னு நாலு தடவை சீட்டு எழுதினேன். நாலையும் அடுப்புல போட்டேன்."

"என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பாக்க வக்கில்லாமப் போச்சு."

சீட்டக்காவுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதக் கோபம், லேசில் போகிற ரகம் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். தானும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். வெளியே மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி கவுனின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி, இதை நான் பிடிச்சு மிஷின் தையல் போட மாட்டேன்."

"ஏன் தம்பி?" அவள் குரல் பயந்துபோயிருந்தது.

"மாத்திரை ஆரம்பிச்சா ஆறு மாசத்துல உடம்பு திரும்பிடும். நான் மாத்திரை வாங்கப் போனப்ப வரிசையில ஒரு பொண்ணு நின்னா. முதல் மாசம் அவளை ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்களாம். நான் பாத்தது மூணாம் மாசம், தனியா வந்து வரிசையில சண்டை போட்டா. இப்ப துணியை வெட்டிட்டா அப்புறம் விட இடம் இருக்காது. கையால ஓட்டுத்தையல் போட்டுத் தர்றேன், பெரிசு பெரிசா. உடம்பு வர வர நீங்களே ஒவ்வொண்ணா இழுத்துப் பிரிச்சு விடுங்க."

ரொட்டிக்கடைக்காரம்மா கவுனைப் பார்த்தாள். "பிரிக்க வேண்டியிருக்குமா?"

"இருக்கும்."

"நீ சாப்பிடறியா தம்பி? உனக்குக் கேக்குதா?"

மேசையில் கவுன் கிடந்தது. தம்பி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். நூல் காதில் ஏறவில்லை. நுனியை ஈரம் செய்து மறுபடி பார்த்தான்.

"நடுவுல விட்டுட்டேன் அண்ணி" என்றான். "விட்டது தப்பு. டாக்டர் திட்டுவார். திட்டிட்டு வேற மாத்திரை தருவாரோ, அதையே தருவாரோ, போனாத்தான் தெரியும்." நூல் ஏறியது. முடிச்சுப் போட்டான். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில இதுக்குன்னு தனி நாள். ஆறு மணிக்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பிப்பாங்க. லேட்டாப் போனா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும், அவளால முடியாது. நான் முன்னாடி போய் அவளுக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வைக்கிறேன். நீங்க எட்டு மணிக்கு மெதுவாக் கூட்டிட்டு வாங்க. பின்வாசல் வழியா வாங்க, அங்க உக்கார பெஞ்சு இருக்கு."

"யாராவது பாத்தா?"

"பாத்தா என்னைத்தான் பாப்பாங்க. என்னை ஏற்கெனவே பாத்தாச்சு."

சொல்லிவிட்டுக் கவுனை மடியில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தான். விரல் கனத்துக்கு ஒன்றாகத் தையல் விழுந்தது. பாதி ஓரம் போனதும், தலையை நிமிர்த்தாமல் பேசினான். கத்தரிக்கோல் மேசையின் அந்தக் கோடியில், துணிக்கு அடியில் கிடந்தது.

"அக்கா, நாலரைக்கு எழுப்பி விடு. எனக்கு முழிப்பு வராது."

"சரி" என்றாள் சீட்டக்கா. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் காலி டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள்.